குகைக்குள் வெறுங்கால்

என் வீட்டுக்காரருக்குப் பாதத்தில் உணர்ச்சி செத்துவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கு அவர் கால்மேல்தான் கண். முகத்தைப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டேன். எழுந்ததும் பாதம், குளித்துவிட்டு வந்தால் பாதம், படுக்கப் போகும்போது பாதம். விரலிடுக்கில் ஈரம் தங்கியிருக்கிறதா, குதிகால் வெடித்திருக்கிறதா, எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே என் மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டியதாகிவிட்டது. அவருக்கு இனிப்புநீர் வியாதி, சர்க்கரை, வந்து பல வருஷம் ஆகிறது. இடது காலில் சுண்டுவிரலை ஏற்கெனவே எடுத்தாயிற்று. இனி ஒரு புண் வந்தால் விரலோடு நிற்காது, காலையே எடுக்க நேரிடும், வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அந்த டாக்டர் சின்ன வயசு மலாய்க்காரப் பெண். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் நூலை எடுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நூல் படும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். இவரும் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் கட்டைவிரலில் குத்தினார், உள்ளங்காலில் குத்தினார், குதிகாலில் குத்தினார். நூல் வளைகிறது, எனக்குத் தெரிகிறது. இவர் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று மலாயில் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

எனக்கு அந்த நேரத்தில் வேறொன்று உறைத்தது. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நாங்கள் இருப்பது கோலா சிலாங்கூரில் தாமான் குடியிருப்பில் ஒரு வீடு. இவர் பிறந்து வளர்ந்தது உள்ளே இருக்கும் ரப்பர் தோட்டத்தில். கித்தா மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, தொழிலாளர் லயங்களை இடித்து, ஆட்களெல்லாம் ரவாங், புக்கிட் பெருந்துங் என்று சிதறிப் போனபிறகும் மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு எல்லாரும் காடி ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவார்கள். இவர் மீசை முளைத்த காலத்திலிருந்தே அங்கே தீ மிதிப்பவர். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, காப்புக் கட்டாமல் ஒரு வருஷம் போனதில்லை. வலது காலை முதலில் வைத்துத்தான் இறங்குவார். சுடாதா என்று யாராவது கேட்டால், "சுடத்தான் செய்யும். ஆத்தா பாத்துக்குவா" என்பார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

விரல் எடுப்பதற்கு முந்தின திருவிழாவில், பூக்குழியை விட்டு ஏறி, கால் நனைக்கும் பால்குழியில் நின்றவர் அழுதுகொண்டிருந்தார். "சுடவே இல்ல, புள்ள. பூ மேல நடந்த மாதிரி இருந்துச்சு" என்றார். இத்தனை வருஷம் மிதித்த பிறகு ஆத்தா தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று அவருக்குத் தீர்மானமாகிவிட்டது. நடக்கவில்லை, நின்று நிதானமாக உலாவினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பெண்கள் வரிசையில் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அதற்குப் பிறகு ஆளே மாறிப்போனார். பீர் குடிப்பதை விட்டார், கோபத்தை விட்டார், மகளிடம் பேசாமல் இருந்த பழைய பிணக்கையும் விட்டார். சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் வந்து ஆறாமலே கிடந்தது. விபூதியைப் போட்டுப் போட்டு அதைக் கறுப்பாக்கினார். கடைசியில் அந்த விரல்தான் போனது.

டாக்டர் கையில் நூல் வளைந்தபோது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆத்தா குளிர வைக்கவில்லை. கால் செத்துப்போயிருந்தது.

என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. மழை வரும் என்று அவர் சொன்னால் வராது என்பேன். குழம்பில் உப்பு இல்லை என்றால் நாக்கில்தான் ருசி இல்லை என்பேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதையும் நான் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டது கிடையாது. அதுவே எங்களுக்குப் பேச்சும் பொழுதுபோக்கும். ஆனால் இந்த ஒன்றை மட்டும் நான் எடுக்கவில்லை. அவர் வாழ்க்கையிலேயே பெரிய பொழுது அது. அதைப் பிடுங்கிக்கொண்டு நான் என்ன பண்ணப் போகிறேன்?

அவருக்கு அறுபது முடிந்தது. அறுபதாம் கல்யாணத்தைக் கோயிலில் வைத்து ஊரைக் கூட்டிச் செய்யலாம் என்பது என் எண்ணம். ரவாங்கில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்கு வேறு எண்ணம். வேர்க்க விறுவிறுக்கப் புகையில் உட்காருவதற்குப் பதிலாக, கிள்ளான் துறைமுகத்திலிருந்து கப்பலேறித் தாய்லாந்துப் பக்கம் போய்வரலாம் என்று டிக்கெட்டையே எடுத்துவிட்டாள். "ஓகே லா பா, லைஃப்ல ஒரு தடவ ரிலாக்ஸா இருங்க" என்று அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அவர் எங்கே என் பேச்சைக் கேட்கப்போகிறார்.

கப்பல் ஒரு தீவில் நிற்கும்போது இறங்கிச் சுற்றிப் பார்க்கப் பல ஏற்பாடுகள் இருந்தன. மகள் தேர்ந்தெடுத்தது குகைப் பயணம். மலைக்குள் ஓடும் ஆற்றில் டயர் டியூப்பில் உட்கார்ந்து இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருவது. வேண்டவே வேண்டாம் என்றேன். நான் வேண்டாம் என்றதாலேயே அவர் போயே தீருவேன் என்றார். மகள் கிளினிக்கில் கேட்டாள். இப்போது புண் எதுவும் இல்லை, மூடிய சப்பாத்தைக் கடைசிவரை கழற்றாமல் இருந்தால் போய்வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானே கடை கடையாக ஏறி, தண்ணீரில் போடுகிற சப்பாத்தாகப் பார்த்து, தடித்த அடியும் மூடிய முனையும் உள்ளதை வாங்கினேன். அதற்குள்ளே போட மெல்லிய காலுறையும் வாங்கினேன். கப்பல் ஏறும் முன்பே வீட்டில் போட்டு நடக்கவைத்துப் பார்த்தேன்.

கப்பலில் அவருக்கு எல்லாமே வேடிக்கை. பசியாறப் போனால் ஐஸ்கிரீம் இருக்கும் பக்கம்தான் கால் போகும். நான் தட்டைப் பிடுங்குவேன். செகிஞ்சானில் நெல் வயல் வைத்திருக்கும் ஒரு சீனத் தம்பதி எங்கள் மேசையில் சேர்ந்துகொண்டார்கள். நான் அவரைத் திட்டுவது மொழி புரியாமலே அந்த அம்மாவுக்குப் புரிந்தது. அவளும் தன் வீட்டுக்காரர் தட்டிலிருந்து எதையோ எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. அவர் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சரி, மகள் செய்ததும் நல்லதுதான் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

தீவில் இறங்கி, வேனில் ஏறி, சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவே வெகுதூரம் போனோம். செகிஞ்சான் தம்பதியும் வந்திருந்தார்கள்; எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு வழிகாட்டி அம்மா. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், ஆங்கிலம் கொஞ்சம் பேசினாள். மிதவை உடுப்பையும் நெற்றியில் விளக்கு வைத்த தொப்பியையும் மாட்டிவிட்டு, ஆளுக்கொரு டியூப்பைத் தோளில் ஏற்றினாள். அதைப் பார்த்ததும் இவர் சிரித்துவிட்டார். ஆயுசு முழுக்க ஒட்டுப் போட்ட லோரி டியூப்பில் உட்காரவா கப்பலேறி வந்தோம் என்றார். உள்ளே பாறை கத்தி மாதிரி இருக்கும், சப்பாத்து இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று வழிகாட்டி ஒவ்வொருவர் காலையும் பார்த்தாள். அவர் காலையும் பார்த்தாள். நானும் குனிந்து கட்டை இறுக்கிவிட்டேன்.

குகை வாசலில்தான் அந்தக் கல் இருந்தது. இடுப்பளவு உயரம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று துணிகள் சுற்றி, சாமந்தி மாலை போட்டு, ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உறிஞ்சுகுழல் போட்ட சிவப்புச் சர்பத் போத்தல். அதற்கும் பக்கத்தில் கையகலத்துக்கு ஒரு பிள்ளையார். மலையைக் காக்கும் சாமி, கும்பிட்டுவிட்டு உள்ளே போகலாம் என்றாள் வழிகாட்டி. மகள் படம் எடுத்தாள். நான் சற்று எட்ட நின்று சப்பாத்தோடேயே ஒரு கும்பிடு போட்டேன்; வெளியூர் சாமி, கோபித்துக்கொள்ளாது. திரும்பிப் பார்த்தபோது அவரும் சப்பாத்தோடுதான் கைகூப்பிக்கொண்டு நின்றார். தலை இடிக்கும், குனிந்து வாருங்கள் என்று வழிகாட்டி முன்னாலிருந்து கூப்பிட்டாள். நான் குனிந்தேன். என் கண் அவர் காலை விட்டு அகன்றது அவ்வளவு நேரம்தான்.

தோட்டத்துக் கோயிலில் வளர்ந்தவருக்கு ஒரு கணக்கு உண்டு. பூப்போட்ட கல்லைத் தாண்டினால் அப்புறம் எல்லாம் சாமியுடைய இடம். அங்கே காலில் எதுவும் இருக்கக் கூடாது. அவர் காலுறையைக்கூடக் கழற்றி, மடித்துச் சப்பாத்துக்குள் வைத்து, கல்லுக்குப் பின்னால் யார் காலும் படாத இடத்தில் ஜோடியாக விட்டிருக்கிறார். பின்னால் வந்த செகிஞ்சான் தம்பதி பார்த்திருக்கிறார்கள். பக்தி என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார்களாம்.

உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். கீழே கூழாங்கல்லும் கூர்ப்பாறையும். எனக்குச் சப்பாத்தையும் மீறி உறுத்தியது. விளக்கு வெளிச்சம் தண்ணீருக்கு மேலேதான் விழுந்தது. ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்று நான் கத்திக்கொண்டே போனேன். பின்னாலிருந்து அவர் ஏதோ அம்மன் பாட்டை முனகிக்கொண்டு வந்தார். ஆழம் வந்ததும் டியூப்பை மிதக்கவிட்டு ஏறி உட்கார்ந்தோம். இழுப்பில் ஆளுக்கொரு பக்கம் போய்விடாமல் இருக்க எல்லாரும் சங்கிலியாகச் சேர வேண்டும் என்று வழிகாட்டி செய்து காட்டினாள். பின்னால் இருப்பவர் தன் இரண்டு காலையும் நீட்டி முன்னால் இருப்பவரின் அக்குளுக்குள் கொடுக்க வேண்டும். முன்னால் இருப்பவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் மகளின் டியூப்புக்குக் காலை நீட்டினேன். பின்னாலிருந்து என் இரண்டு அக்குளுக்குள்ளும் அவருடைய கால்கள் வந்தன. வெறும் தோல் என் கையில் பட்டது.

முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. விரலைத் தடவிப் பார்த்தேன். இடதில் சுண்டுவிரல் இருந்த பள்ளம். வலதில் உள்ளங்காலைத் தடவியபோது என் விரல் ஒரு மடிப்புக்குள் போய்விட்டது. வாழைப்பழத் தோல் மாதிரி சதை தொங்கிக்கொண்டிருந்தது. அதே நேரம் பார்த்து வழிகாட்டி, உண்மையான இருட்டு எப்படி இருக்கும் என்று பாருங்கள், எல்லாரும் விளக்கை அணையுங்கள் என்றாள். எல்லா விளக்கும் அணைந்தது. என் கையைக்கூட நான் பார்க்க முடியவில்லை. கையில் சூடாக ஏதோ வழிந்தது. இவ்வளவு ஜில்லென்ற தண்ணீரில் சூடாக இருப்பது வேறென்னவாக இருக்கும்?

"சப்பாத்து எங்க?" என்றேன்.

"வாசல்ல இருக்கு. சாமி இருக்கற எடத்துல போட்டுக்கிட்டா வருவாங்க?"

"காலு கிழிஞ்சி கெடக்கு."

அவர் என் கைக்குள் காலை அசைத்துப் பார்த்தார். அப்புறம் ரொம்பச் சாதாரணமாக, "வலிக்கலையே, புள்ள" என்றார்.

நான் அந்த இருட்டில் கத்தினேன். சீன அம்மா பயந்து அவளும் கத்தினாள். விளக்குகள் எரிந்தன. வழிகாட்டி வந்து பார்த்து முகம் வெளுத்துப்போனாள். திரும்ப முடியாது, தண்ணீர் போகும் பக்கம்தான் போக முடியும், வெளியே போக இன்னும் நேரமாகும் என்றாள். சீன அம்மா கழுத்தில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக் கொடுத்தாள். சுற்றிக் கட்டி, அந்தக் காலை மட்டும் தண்ணீர் படாமல் என் நெஞ்சோடு தூக்கிப் பிடித்துக்கொண்டேன். குகைத் தண்ணீரில் என்னென்ன இருக்குமோ. மேலே வௌவால். கூரையில் மின்னுகிற கல்லையெல்லாம் வழிகாட்டி பிறகு காட்டவே இல்லை. மகள் முன்னால் அழுதுகொண்டே போனாள். இவர் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, எவ்வளவு பெரிசாக் கட்டியிருக்கா பாரு ஆத்தா என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் காலைக் கடித்திருப்பேன். ஆனால் விட்டுவிடப் பயமாக இருந்தது. குகை முடிகிறவரைக்கும் நான் பிடியைத் தளர்த்தவில்லை.

வெளியே வேனில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் அந்தச் சப்பாத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். சொட்டு ஈரம் இல்லை. காலுறை மடித்தபடியே உள்ளே இருந்தது.

கப்பல் கிளினிக்கில் கழுவித் தைத்து, ஊசி போட்டு, மாத்திரை கொடுத்தார்கள். தீவிலேயே ஆஸ்பத்திரியில் தங்கிவிடுவது நல்லது என்றும் அந்த டாக்டர் சொன்னார். மகள் சரி என்றாள். நானும் சரி என்றேன். இவர்தான் பிடிவாதம். வலி இல்லாத புண்ணுக்கு எதற்கு அந்நிய நாட்டு ஆஸ்பத்திரி, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், தீ மிதித்த கால் இது, ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்றார். நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். மறுநாள் முழுக்கக் கடல். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனார். அதற்கடுத்த காலை அவர் நெற்றியைத் தொட்டால் கொதித்தது. கட்டைப் பிரிக்கும் முன்பே வாடை வந்துவிட்டது.

கிள்ளானில் இறங்கி நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதலில் உள்ளங்காலைச் சுரண்டி எடுத்தார்கள். அப்புறம் விரல்களை எடுத்தார்கள். கறுப்பு நிற்காமல் கணுக்காலைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்கள். வலது கால். லோரியில் எண்ணெய்ப் பெடலை மிதித்த கால், பூக்குழியில் முதலில் வைத்த கால். அப்போதும் அவர் தாதியைக் கேட்டது, வலிக்காத காலை எதற்கு அம்மா வெட்டுகிறீர்கள் என்பதுதான்.

எனக்கு யார்மேல் கோபம் வரவில்லை? கப்பல் டிக்கெட் எடுத்த மகள்மேல் வந்தது. அவள் சாப்பிடாமல் மெலிந்துபோனதைப் பார்த்து அடங்கியது. கல்லுக்குத் துணி சுற்றியவன்மேல் வந்தது. ஆத்தாமேல் வந்தது, நிறையவே வந்தது. இத்தனை வருஷம் உன் நெருப்பில் நடந்தவனுக்கு உறுத்துகிற ஒரு கல்லைக்கூட உன்னால் உணர்த்த முடியவில்லையா என்று சாமி மேடைமுன் நின்று வாயில் வந்தபடி கேட்டேன். விளக்கேற்றாமல் பல நாள் இருந்தேன். அவர் வீட்டுக்கு வருகிறார் என்றதும் மறுபடி ஏற்றினேன். ஏற்றாமல் இருந்தால் கேட்பார்.

வீட்டுக்கு வந்து சில மாதத்தில் திருவிழா நெருங்கியது. கோயில் தலைவரும் பழைய தோட்டத்து ஆட்கள் சிலரும் பழத்தட்டோடு வந்தார்கள். மிதிக்க முடியாவிட்டால் என்ன, பூக்குழிக்கு முதல் நெருப்பை நீங்கள்தான் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆத்தாளே உங்களைப் பூவில் நடக்கவிட்டதை நாங்கள் கண்ணால் பார்த்தோமே என்றார் தலைவர். இவர் தலையைக் குனிந்துகொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர்கள் போகிறவரைக்கும் நிமிரவே இல்லை.

அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து, வழக்கம்போல் பேசினில் வெந்நீர் வைத்து, மிச்சமிருக்கிற அந்த இடது பாதத்தைக் கழுவ உட்கார்ந்தேன். தண்ணீர் சூடு பதமாக இருக்கிறதா என்று என் முழங்கையை விட்டுப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் நாலா பக்கமும் அவரைப் போலவே கால் இழந்தவர்கள். டாக்டர்கள் கட்டில் கட்டிலாக நின்று நரம்பைப் பற்றி விளக்கியதை அவரும் கேட்டிருப்பார்தானே. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"புள்ள," என்றார். "அன்னைக்கு நெருப்பு சுடலையே. அது ஆத்தாதானே?"

நான் நிமிரவில்லை. "ஆமாங்க. ஆத்தாதான்" என்றேன்.

அவர் பேசினுக்குள் இருந்த பாதத்தைக் கொஞ்சம் நகர்த்தினார். அப்புறம், "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நான் சொன்னது ஒன்னுக்குக்கூட நீ ஆமான்னு சொன்னதில்ல" என்றார்.

நான் துண்டை எடுத்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தலைவரிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடு என்றார். நான் பாதத்தைப் பேசினிலிருந்து எடுத்து மடியில் வைத்து, விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நான் துடைப்பது அவருக்குத் தெரியவில்லை.